பத்து நாள் அண்ணனின் பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் அவர்களே, நம் பணியாளர் சேமிப்பு நிதியின் தலைவர் அவர்களே, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மைக்கறை படிந்த கையோடு வந்திருக்கும் அச்சுப் பிரிவு நண்பர்களே, ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேன்டீனுக்கு வழி மறக்காத மூத்தவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறவன் நான். மறைந்தவரைப் பற்றிய செய்தியில் முதல் பத்தியில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாளிதழின் காகிதக் கிடங்குப் பொறுப்பாளராக முப்பத்தாறு ஆண்டுகளும், பணியாளர் சேமிப்பு நிதியின் கௌரவச் செயலாளராக இருபத்தேழு ஆண்டுகளும் பணியாற்றிய நம் பத்து நாள் அண்ணன், போன வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையில் காலமானார். வயது எழுபத்தொன்று. புதன்கிழமை நெஞ்சுவலி என்று சேர்த்தார்கள். வியாழக்கிழமை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை இல்லை.

செய்தி இவ்வளவுதான். ஆனால் இந்தச் செய்திக்காகவா முந்நூறு பேர் இந்தக் கூடத்தில் நிற்க இடமில்லாமல் நிற்கிறோம்? ஒரு கிடங்குப் பொறுப்பாளருக்காகவா அச்சு இயந்திரம் ஒரு மணி நேரம் நிற்கிறது?

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அவரை ஏன் பத்து நாள் அண்ணன் என்கிறோம் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு நீலத் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற பெரியவர் என்று மட்டும் அவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். அது ஒரு தவறில் தொடங்குகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த ஆண்டு, காகித விலை இரட்டிப்பாகப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. நாமே செய்தி போட்டோம். அண்ணன் நிர்வாகத்திடம் போய் நின்று, பதினான்கு மாதத்துக்குத் தேவையான காகிதத்தை ஒரே தவணையில் வாங்க அனுமதி பெற்றார். கிடங்கில் அவ்வளவுக்கு இடமில்லை. ரீல்களுக்கு, அதாவது காகித உருளைகளுக்கு, நடுவே காற்றுப் போகிற சந்துகளை அடைத்தார்கள். சன்னல் உயரத்துக்கு மேலும் அடுக்கினார்கள். பிறகு மழை வந்தது. வடக்குச் சுவரில் ஈரம் ஏறியது. அடி வரிசை ரீல்கள் நீர் குடித்து உப்பிப்போயின. உப்பிய காகிதம் இயந்திரத்தில் ஓடாது, கிழியும். காகித விலையோ, அவர் வாங்கிய பத்தாம் நாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ரீல்கள் கெட்டது தெரிந்த மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. "நான் அவசரப்பட்டேன். நாற்பத்தொரு ரீல் பாழ். பத்து நாள் பொறுத்திருந்தால் இது நடந்திருக்காது." அவ்வளவுதான். மழைமேல் பழி இல்லை. விலை ஏறும் என்று எழுதிய எங்கள்மேலும் பழி இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துச் சேமிப்பு நிதிக்குச் செயலாளர் வேண்டியிருந்தது. அவர் பெயரை முன்மொழிந்தவர் நம் மெஷின் மேஸ்திரி. இதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அன்று அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தப்பு பண்ணாதவன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பண்ண தப்பப் பலகையில ஒட்டினவன இப்பத்தான் பாக்கறேன். நம்ம பணத்த இவர்கிட்ட குடுங்கப்பா."

கொடுத்தோம். அவர் செய்த முதல் வேலை, நம் பணத்தைப் பிரித்தது. மூன்று ஆண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களின் பணமும், திடீர் மருத்துவச் செலவுக்கு வேண்டியதும் வங்கியில். அடுத்த பங்கு அரசுக் கடன் பத்திரத்தில். மிச்சம் மட்டும், பத்து ஆண்டுக்குத் தொட வேண்டியிராத பணம் மட்டும், பங்குச் சந்தையில். அதுவும் ஒரே நிறுவனத்தில் இல்லை. "எதுக்குண்ணே இப்படிக் கூறு போடறீங்க?" என்று கேட்டேன்.

"கெடங்குல ஒரு மூல ஒழுகினா, மத்த மூலையில இருக்கற ரீல வச்சு நாளைக்குப் பேப்பர் வரணும்ல தம்பி?" என்றார்.

இரண்டாவது வேலை, பெட்டி. முன்வாசல் அலுவலகத்தில் வரி விளம்பரப் படிவங்களைப் போடுவதற்கு வைத்திருந்த தகரப் பெட்டி அது. பக்கவாட்டில் 'வரி விளம்பரம்' என்ற எழுத்து இன்னும் பாதி தெரியும். நிதியில் இருக்கும் எதையாவது விற்க வேண்டும் என்றோ, புதிதாக வாங்க வேண்டும் என்றோ ஓர் உறுப்பினர் நினைத்தால், வாயால் சொல்லக் கூடாது. ஒரு சீட்டில் தேதி போட்டு, காரணத்தை எழுதி, பெட்டியில் போட வேண்டும். முதல் சீட்டு விழுந்த பத்தாம் நாள் பெட்டி திறக்கும். எழுதியவரே எழுந்து நின்று தன் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு வாக்கெடுப்பு. இதுதான் விதி. இருபத்தேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஒன்பதாம் நாள் அந்தப் பெட்டி திறந்ததில்லை.

எளிய விதிதானே? கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் வந்த சரிவில் அதைக் கடைப்பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எளிதா என்று.

அந்த ஆண்டு விளம்பரம் பாதியாகக் குறைந்தது. பதினாறு பக்கம் வந்த நாளிதழ் பத்துப் பக்கம் ஆனது. போனஸ் இல்லை. விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டத்தை நிர்வாகம் அறிவித்தது. அதில் விருப்பம் எவ்வளவு இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பங்குச் சந்தை பாதிக்குப் பக்கமாக இறங்கியது. நான் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட்டேன்: 'சேமிப்பு சாம்பல்'.

அன்று காலை அண்ணன் நாளிதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தலைப்பு நல்லா இருக்கு தம்பி. எத எரிச்சீங்க?"

"அண்ணே, சந்தை எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். எறங்கியிருக்கு. எறங்கினதுக்கும் எரிஞ்சதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. என் பணமும் அதில்தானே இருக்கிறது? கிடங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருளாதாரம் என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் விற்க வேண்டும், செயலாளரை மாற்ற வேண்டும் என்று கையெழுத்து வாங்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களில் நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவரை நீக்கப் பார்த்தவன்தான் இன்று அவருக்கு இரங்கல் உரை ஆற்றிக்கொண்டிருக்கிறான். இதை நான் சொல்லாவிட்டால் இரண்டாவது வரிசையிலிருந்து மேஸ்திரி சொல்லிவிடுவார்.

அண்ணன் கையெழுத்துத் தாளை வாங்கிப் படித்தார். "சரி. ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போட்டுருங்க. பத்தாம் நாள் பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளில் சந்தை ஏறியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஏறவில்லை. மேலும் இறங்கியது. தினமும் இந்தக் கேன்டீனில் மேஸ்திரி அவரை மறிப்பார்.

"அண்ணே, இன்னைக்கு ஆறாம் நாளு. பத்தாம் நாளு விக்கறதுக்கு மிச்சம் ஏதாவது இருக்குமா?"

"உனக்கு டீ வாங்கிக் குடுக்கற அளவுக்கு இருக்கும். உக்காரு."

"டீயெல்லாம் வேணாம். என் காச எடுத்து வைங்க."

"டீய வேணாங்கறியா? அப்ப நெலம மோசந்தான்."

பத்தாம் நாள் வந்தது. இதே கூடம். இதே நாற்காலிகள். பெட்டியைத் திறந்தார். ஒவ்வொருவராக எழுந்து படித்தோம். நினைத்துப் பாருங்கள், பத்து நாளுக்கு முன் பதற்றத்தில் எழுதியதை, முந்நூறு பேர் முன்னால் நின்று உங்கள் வாயாலேயே படிக்க வேண்டும்.

விநியோகப் பிரிவுத் தம்பி ஒருவர் படித்தார்: "காரணம், என் மச்சான் எல்லாத்தையும் வித்துட்டான்."

"மச்சான் கடன் வாங்கிப் போட்டிருந்தாரா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்ப அவர் வித்தது சரி. கடன் வாங்கின காசுக்குப் பொறுக்க நேரமில்ல. உங்க காசு கடன் வாங்கினதா?"

"இல்லண்ணே."

"எப்ப வேணும் உங்களுக்கு?"

தம்பி யோசித்தார். அவருக்கு வயது இருபத்தெட்டு. "தெரியலண்ணே" என்று உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி எழுந்தார். குரலில் காரம். "காரணம், நம்ம பேப்பர்லயே முதல் பக்கத்துல போட்டிருக்கு." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுத்தது என் முறை. என் சீட்டில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? "காரணம், அலுவலகத்தில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள்."

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"யோவ் ரிப்போர்ட்டரு, நாங்க உன்னப் பாத்துப் பயந்தோம். நீ எங்களப் பாத்தா பயந்த?"

அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது. எங்கள் பயத்துக்கு நாங்களே ஆதாரமாக இருந்தோம் என்பதை யாரும் சொற்பொழிவு ஆற்றி விளக்கவில்லை. எங்கள் வாயாலேயே எங்களைப் படிக்க வைத்தார் ஒருவர்.

கடைசியாக, பிழை திருத்தும் எங்கள் புரூஃப் அக்கா எழுந்தார். விருப்ப ஓய்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. "எனக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் வேல. வீட்டுக் கூரைய மாத்தணும். அந்தக் காசு எனக்கு வேணும். வேற காரணம் இல்ல" என்றார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுதான் காரணம். அக்காவோட பணம் வங்கியில போட்டு வச்சதுல இருந்து முழுசாப் போகும். சந்தை எறங்கினதுல ஒரு காசு அவங்க தலையில விழக் கூடாது. விருப்ப ஓய்வு அறிவிச்ச அன்னைக்கே இவங்ககிட்ட நான் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு" என்றார்.

மறுநாள் பலகையில் அதையும் எழுதி ஒட்டினார்.

வாக்கெடுப்பில் விற்க வேண்டாம் என்று நூற்று அறுபத்து நான்கு பேர். விற்கலாம் என்று நூற்று இருபத்தொரு பேர். விற்கவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நிதி பழைய நிலைக்கு வர நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் ஆனது. அந்த ஐம்பது மாதமும் அவர் முன்பு போலவே, அதே அளவு, அதே மூன்று பங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். ஏறும் என்று அவர் ஒருநாளும் சத்தியம் செய்யவில்லை. "ஏறும்னு தெரிஞ்சா மொத்தத்தையும் அங்கயே போட்டிருப்பேனே. தெரியாததாலதான் பிரிச்சு வச்சிருக்கேன்" என்பார்.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்றும் சிலர் சொன்னார்கள். சந்தை ஏறத் தொடங்கியதும் விளம்பரப் பிரிவிலிருந்து பன்னிரண்டு பேர் சீட்டுப் போட்டார்கள், வங்கியில் தூங்குகிற பணத்தையும் எடுத்துச் சந்தையில் போடுங்கள் என்று. "பயத்துக்குப் பத்து நாள்னா ஆசைக்கும் பத்து நாள்தான்" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினார். பத்தாம் நாள் அந்தத் தீர்மானம் தோற்றது. இதே ஊரில் இருக்கும் பேருந்துத் தொழிலாளர் சேமிப்பு நிதி நல்ல ஆண்டுகளில் நம்மைவிட வேகமாக வளர்ந்தது உண்மை. அவர்களுக்குக் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி நமக்குக் கிடைக்காமல் போனதும் உண்மை. அதை அவர் மறைக்கவில்லை. "அவங்க வேகமாப் போறாங்க. நம்ம வண்டியில புரூஃப் அக்கா உக்காந்திருக்காங்க" என்றார்.

வீட்டிலும் மனிதர் இப்படித்தான். போன சனிக்கிழமை அண்ணியைப் பார்க்கப் போனபோது அவரே சொன்னார்.

"சோபா வேணும்னு கேட்டேன். சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் மேல வையின்னாரு. வச்சேன். பத்து நாள் கழிச்சு, இன்னும் வேணுமான்னாரு. வேணும்னேன். அன்னைக்கு சாயங்காலமே வாங்கிட்டு வந்துட்டாரு. நான் பாட்டுக்கு வாய்ச் சண்டை போட்டிருந்தா நாலு வருஷம் ஆயிருக்கும்."

நண்பர்களே, இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பத்து நிமிடமும் ஆகிவிட்டது. தலைவர் மன்னிக்க வேண்டும், இன்னும் இரண்டு நிமிடம்.

மறுபடியும் ஒரு சரிவு வந்திருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பதிப்புகளை மூடியிருக்கிறார்கள். நம் நிதியில் சந்தையில் இருக்கும் பங்கு நான்கில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது. போன வாரம் திங்கட்கிழமை பெட்டியில் முதல் சீட்டு விழுந்தது. விழுந்த நாளைச் சேர்க்காமல் எண்ணினால், இன்று செவ்வாய், எட்டாம் நாள். பெட்டி நாளை மறுநாள் திறக்க வேண்டும். அதற்குள் அண்ணன் போய்விட்டார்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே வேறொரு கூட்டம் நடத்தி, பெட்டியைத் திறந்து, இன்றே விற்பது என்று தீர்மானம் போட வேண்டும் எனச் சிலர் கேட்டிருப்பதாகத் தெரிகிறது. "அவரே போயிட்டாரு, இனி யாருக்காக ரெண்டு நாள்?" என்று நேற்று மாடிப்படியில் என்னிடமே ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு ஆண்டுகளுக்கு முன் நானும் அதைத்தான் கேட்டேன்.

பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை அண்ணி கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். அதை உங்களிடம் சொல்ல அவர் அனுமதி தந்திருக்கிறார்.

வியாழக்கிழமை காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்க அண்ணி நம் அலுவலகத்துக்கு வந்தார். நம்மில் பலர் பார்த்தோம். அன்று காலை அண்ணன் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி, நான்காக மடித்து, "போற வழியில பெட்டியில போட்டுரு" என்று கொடுத்திருக்கிறார். அண்ணி போட்டுவிட்டார்.

"என்ன எழுதியிருந்தார் அண்ணி?" என்று கேட்டேன்.

"நான் பாக்கல. பத்தாம் நாள் தெரியப்போவுது, எதுக்குப் பாக்கணும்?"

ஆக, அந்தப் பெட்டியில் அவருடைய சீட்டும் இருக்கிறது. விற்கலாம் என்று எழுதினாரா? பொறுக்கலாம் என்று எழுதினாரா? பொறுப்பதற்குச் சீட்டு எதற்கு, சரிவில் அவசரமாகப் புதிதாக வாங்கச் சொல்கிறவரும் அவர் இல்லையே? அப்படியென்றால் இருபத்தேழு ஆண்டுகளில் முதல்முறையாக அவரும் பயந்துவிட்டாரா? அல்லது இந்த முறை விற்பதற்கு உண்மையிலேயே ஒரு நல்ல காரணம் அவருக்குத் தெரிந்திருந்ததா? மூன்று நாளாக இந்தக் கேள்வியோடு நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். சாவி என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. செய்தியாளனுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பெட்டி வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் என் சீட்டும் இருக்கிறது. விற்றுவிடலாம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மேஸ்திரி, சிரிக்காதீர்கள். ஆமாம், மறுபடியும் நான்தான். எனக்கு இன்னும் நான்கு ஆண்டில் ஓய்வு. பயமாகத்தான் இருக்கிறது. என் காரணம் அக்காவின் கூரையைப் போன்றதா, விநியோகத் தம்பியின் மச்சானைப் போன்றதா என்று எட்டு நாளாக எனக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். விற்காதீர்கள் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை படித்துவிட்டு, வாக்களித்து, விற்பதென்றால் விற்போம். படிக்காமல் விற்க வேண்டாம்.

தலைவர் தலையசைக்கிறார். நன்றி ஐயா. மற்றவர்களும் கையைத் தூக்கிக் காட்டினால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். சரி. சரி. போதும், எண்ண முடியவில்லை.

அண்ணனுக்கு இந்த மேடையிலிருந்து நாம் கொடுக்க வேண்டிய உறுதிமொழி ஒன்றே ஒன்று. அடுத்த செயலாளர் யாராக இருந்தாலும், சரிவு வந்தாலும் ஏற்றம் வந்தாலும், அந்தப் பெட்டி பத்தாம் நாள்தான் திறக்கும். நாம் தவறு செய்தால் அதைப் பலகையில் ஒட்டுவோம். இந்த வாரமே, மூன்று ஆண்டுக்குள் பணம் தேவைப்படுகிறவர்கள் யார் யார் என்று பிரிவு பிரிவாகப் போய்க் கேட்போம். அக்காவிடம் அவர் கேட்க மறந்ததை, நாம் மறக்காமல் கேட்போம்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி, இதே கூடம். எழுதியவர்தான் படிக்க வேண்டும் என்பது விதி. அவர் சீட்டை யார் படிப்பது என்று அண்ணியிடம் கேட்டேன். "நான் வந்து படிக்கறேன். அவர் கையெழுத்து எனக்குத்தான் புரியும்" என்றார்.

முதலில் என் சீட்டு. கடைசியில் அவருடையது.

அதுவரை சாவி இந்த மேசையில், அவர் படத்துக்கு முன்னால் இருக்கட்டும். என் பையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இதோ, வைத்துவிட்டேன்.

வணக்கம்.